தாஜ்மஹாலின் ஜவாபு

பூவாயி போலீசிடம் சொன்னது இரண்டே சொல். "ஜவாபப் பாருங்க." அதற்குக் கன்னத்தில் ஓர் அறை வாங்கினாள்.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல், பதிலை நீயே பார்த்துக்கொள் என்று திமிராகப் பேசியதாக எஸ்.ஐ. எடுத்துக்கொண்டாராம். அதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை. இதை வளர்மதியிடம் சொன்னவர் ஸ்டேஷனுக்கு எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஏட்டு. சிரித்துக்கொண்டே சொன்னார். வளர்மதி அவர் டீயை முடிக்கும் முன்பே கேட்டாள்.

"உள்ள போயி அவங்ககிட்ட பேசலாங்களா?"

"சாயங்காலம் மாஜிஸ்ட்ரேட்டு முன்னாடி நிறுத்துறோம். ரிமாண்டுக்கு அப்புறம் ஜெயில்ல போய்ப் பேசிக்கம்மா."

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செல்போன் கடை மாடியில் ஒற்றை அறை எடுத்துத் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள் வளர்மதி. கருவேப்பிலங்குறிச்சியில் அவள் குடும்பத்திலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். படித்தது பி.ஏ. சரித்திரம். சரித்திரம் படித்தவளுக்கு வேலை எங்கே இருக்கிறது என்று கேட்ட ஊருக்கு எதிராகப் போர்டு மாட்டினாள். அவளுடைய உதவியாளன் கொளஞ்சிநாதன் முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டியவன், அவளைவிட ஐந்தாறு வயது மூத்தவன். அவள் அவனை அண்ணே என்பாள். அவன் அவளை மேடம் என்பான், பாதி மரியாதையாகவும் பாதி நக்கலாகவும்.

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே பானு செராமிக்ஸ் என்று ஒரு பொம்மை யூனிட். முதலாளி பாலகிருஷ்ணன். யூனிட்டுக்குப் பெயர் கொடுத்தவள் அவர் மனைவி பானுமதி. அம்மா வீட்டுச் சீதனமாக வந்த இரட்டை வடச் சங்கிலியை அழித்து மகளுக்கு நகை செய்ய, திங்கட்கிழமை சாயங்காலம் பத்தரிடம் போவதாக இருந்தாள் பானுமதி. காலையில் அதைக் கணவரின் ஆபீஸ் பீரோவில் வைத்துவிட்டு வந்தாள். மதியத்துக்குள் காணோம். அன்று அந்த ஆபீசைப் பெருக்கியவள் பூவாயி. பெருக்கியவள்தான் திருடியவள் என்று பாலகிருஷ்ணன் எழுதிக் கொடுத்தார், போலீசும் ஒத்துக்கொண்டது. சங்கிலி மட்டும் பூவாயி வீட்டுக் கூரையைப் பிரித்துத் தேடியும் கிடைக்கவில்லை.

வளர்மதியை வேலைக்கு வைத்தது பானுமதி. "போலீசு ஆளப் புடிக்கும், நகையப் புடிக்காது. நீ நகையப் புடி," என்று சொல்லியிருந்தாள்.

"ஆளு தப்பும்மான்னு சொன்னீங்களா மேடம்?" வண்டியைக் கிளப்பியபடியே கேட்டான் கொளஞ்சி.

"சொன்னேன். மொதல்ல நகைன்னுட்டாங்க."

"அதுவும் சரிதான். நகை போனா வூட்டுல அழுவாங்க. பூவாயி போனா யூனிட்டுல வேற ஆளு வருவாங்க."

வளர்மதியின் அம்மாவும் பிறர் வீட்டு அறையைப் பெருக்கியவள்தான். ஏதாவது காணாமல் போகும் ஒவ்வொரு முறையும் அம்மா முந்தானையை உதறிக் காட்டியதை அவள் பார்த்திருக்கிறாள். வண்டி தண்டவாளத்தைத் தாண்டப் போகும்போது கேட் மூடியது. சரக்கு ரயில் ஊர்ந்து போகும்வரை அவள் வண்டியில் உட்கார முடியாமல் இறங்கி நின்று, ஏறி, மறுபடி இறங்கினாள்.

யூனிட்டில் முதலாளி இல்லை. வெள்ளைக் களிக்கூழ் தரையெல்லாம் காய்ந்து கிடந்தது. அலமாரியில் அகல் விளக்கு, யானை, பிள்ளையார், உபரியாக வார்த்த சில குட்டிக் கட்டடங்கள். மூலையில் உட்கார்ந்து பச்சைப் பொம்மைகளின் ஓரம் வழித்துக்கொண்டிருந்தவள் காசியம்மாள். பூவாயியோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவள். வளர்மதி தன்னை யார் என்று சொன்னதும் கையைத் துடைக்காமலே எழுந்துவிட்டாள்.

பூவாயிக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டாள் வளர்மதி. சூளை அடுக்குகிற வேலையாம். திங்கட்கிழமையும் ஆபீசைப் பெருக்கிவிட்டு வந்து அவள்தான் அடுக்கினாளாம். அன்றைய சூளையில் என்ன வெந்தது?

"தாஜ்மஹாலுதாம்மா. வேப்பூரு பிரியாணிக் கடை ஆர்டரு. பெரிய கும்பம், நாலு தூணு, மசூதி, ஜவாபு எல்லாம் ஒரே சூளைதான்."

வளர்மதியின் கையிலிருந்த பேனா நின்றது.

"என்னன்னு சொன்னீங்க?"

"ஜவாபும்மா. மசூதிக்கு எதிர்த்தாப்புல இருக்குமே, அது."

கொளஞ்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். வளர்மதி தன் நெற்றியில் தானே ஒன்று போட்டுக்கொண்டாள். இரண்டாம் வருஷம் படித்ததுதான். தாஜ்மஹாலுக்கு மேற்கே ஒரு மசூதி, செம்மணற்கல்லில். ஒரு பக்கம் மட்டும் கட்டடம் இருந்தால் பார்வைக்குக் கோணல் என்று, கிழக்கே அதே அச்சில் இன்னொன்று கட்டினார்கள். தொழுவதற்கு அல்ல, மசூதிக்குப் பதிலாக நிற்பதற்கு. அதனால் அதன் பெயரே ஜவாப். இந்தப் பொம்மைத் தாஜ்மஹாலுக்கு மாதிரி செய்து அச்செடுத்த மதிவாணன் அந்தப் பெயரைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, போன வருஷமே குஜராத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். யூனிட்டில் சொல் மட்டும் தங்கிவிட்டது.

பூவாயி திமிராகப் பேசவில்லை. எங்கே தேட வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். கேட்டவருக்குத்தான் புரியவில்லை.

"அந்த ஜவாபு எங்க இப்ப?"

"புதங்கிழமையே வேப்பூரு போயிடுச்சும்மா. அதுல பச்சை வேற புடிச்சிருந்துச்சு. இந்தச் சூளையில பச்சை கிளேஸுப் பூச்சே வைக்கலை. பச்சைன்னா செம்பு சேக்கணும். செம்பு எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியலை. அது போனப்புறம் மொதலாளிகிட்ட சொன்னேன், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு அவருக்கு."

மசூதி, ஜவாபு இரண்டையும் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று கேட்டாள் வளர்மதி. வெளியே எல்லாம் ஒன்றுதானாம். மசூதிக்கு மட்டும் உள்ளே, பின்சுவரில், தொழுகை மாடம் ஒன்றைத் தனியாக வார்த்து ஒட்டுவார்களாம். ஜவாபுக்கு அது கிடையாது.

"பேரு மாத்திச் சொன்னா மதிவாணன் தம்பி சண்டைக்கு வரும். மொதலாளிக்கு மட்டும் அது ஏறவே இல்லை. ரெண்டும் ஒரே எழவுதானே, ஏன் ரெண்டு பேரு வச்சுக் கொல்றீங்கம்பாரு."

வளர்மதி அதற்குள் வாசலில் இருந்தாள்.

வேப்பூர் சாலையில் கொளஞ்சி வண்டியை விரட்டினான். இரண்டு பக்கமும் காய்ந்த கொல்லை, அனல் காற்று. தாஜ்மஹாலுக்கும் திருட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் முதுகு வழியாகவே கேட்டுக்கொண்டு வந்தான்.

"பொண்டாட்டி செத்ததுக்கு அவ்ளோ பெரிய கட்டடமா மேடம்? எங்க வூட்டுல உசுரோட இருக்கிறவளுக்கு ஒரு பாத்ரூம் கட்டித் தரலை நானு."

"கட்டிக் குடுங்க மொதல்ல. ரெண்டு கட்டுனாலும் தப்பில்ல, ஒண்ணு ஜவாபா இருக்கட்டும்."

கடையின் பெயர் பேகம் பிரியாணி. முதலாளி பெயர் பழமலை. "பழமலை பிரியாணின்னா லாரிக்காரன் நிறுத்துவானா? பேகம்னாத்தான் மசாலா மணக்கும்," என்று அவரே முதல் வார்த்தையாகச் சொல்லிவிட்டார். கல்லாவுக்கு மேல் முருகன் படம். சாமந்திச் சரத்துக்குப் பின்னால் மூன்று ஊதுபத்திகள் புகைந்துகொண்டிருந்தன. கொளஞ்சி பில் ஆணியைத் தள்ளிவிட்டுக் கல்லாவில் சாய்ந்தான், முகத்தில் புகை அடித்து மூன்று முறை தும்மினான்.

தாஜ்மஹால் நடுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. வளர்மதி ஆக்ராவுக்குப் போனவள் இல்லை, படிப்பில் பார்த்ததுதான். ஆனாலும் ஒரு நொடி நின்றுவிட்டாள். மதிவாணன் விளையாட்டுக்குச் செய்திருக்கவில்லை. வாசலைச் சுற்றி ஓடும் எழுத்து, மேலே போகப் போகப் பெரிதாகியது, கீழே நிற்பவன் கண்ணுக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரிய வேண்டும் என்று. சுவரில் கல் பதித்தது போல மெல்லிய கொடியும் பூவும், இடப்பக்கம் ஒரு பூ என்றால் வலப்பக்கமும் அதே பூ. நான்கு தூண்களும் மயிரிழை வெளிப்பக்கம் சாய்ந்திருந்தன.

"தூணு கோணலா இருக்குது மேடம். ரிஜெக்டு பீஸா?"

"வேணும்னே சாச்சதுண்ணே. விழுந்தாலும் கும்பத்து மேல விழக் கூடாதுன்னு."

"நம்ம ஊரு கரண்டுக் கம்பம்கூட அப்படித்தான் நிக்குது. அதையும் மொகலாயருதான் நட்டிருப்பாங்க."

இரண்டு பக்கமும் தேங்காய் அளவில் செம்மண் நிறக் கட்டடங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று வெள்ளைக் கும்பம். பழமலை பெட்டியைத் திறந்துவிட்டார். வலப்பக்கம் இருந்ததை எடுத்தாள் வளர்மதி. பச்சை இல்லை. குலுக்கினாள், சத்தம் இல்லை. இடப்பக்கத்தையும் எடுத்தாள். அதுவும் சுத்தம்.

அந்த நேரம் பார்த்துப் போன். பானுமதி. பூவாயியை வண்டியில் ஏற்றத் தயாராகிறார்களாம், கணவரும் ஸ்டேஷனில்தான் இருக்கிறாராம். நகை என்னாச்சு? வளர்மதி அரை மணி நேரம் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டு வைத்தாள். பிறகு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரி டிரைவர்கள் இலையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"காசியம்மா தப்பாச் சொல்லிட்டாங்களோ?" என்றான் கொளஞ்சி. "பச்சைன்னாங்க. இங்க புதினா சட்னியத் தவிர பச்சையா ஒண்ணும் காணும்."

வளர்மதி நின்றாள். செல்போன் டார்ச்சை இடப்பக்கக் கட்டடத்தின் நடு வளைவில் வைத்துப் பார்த்தாள். பின்சுவரில் குட்டியாகத் தொழுகை மாடம். சரி, இது மசூதி. வலப்பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

அதிலும் மாடம் இருந்தது.

"அண்ணே, இங்க வந்து பாருங்க. மசூதிக்கு எதிர்த்தாப்புல என்ன இருக்கணும்?"

"ஜவாபு."

"இங்க இன்னொரு மசூதி இருக்குது. ஜவாபக் காணும்."

கொளஞ்சி இரண்டிலும் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். முதல்முறையாக அவனிடம் நக்கல் இல்லை. "யாரோ மாத்தியிருக்காங்க."

"யாரோ இல்லண்ணே. காசியம்மா மாத்தியிருந்தா அலமாரிலேருந்து சரியா ஜவாபத்தான் எடுத்திருப்பாங்க. பூவாயியும் அப்படித்தான். அந்த யூனிட்டுல ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சுக் கைக்கு வந்ததத் தூக்கிட்டு வரக்கூடிய ஆளு ஒருத்தருதான்."

பழமலை இதில் ஒன்றும் ரகசியம் இல்லை என்பது போலக் கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார். நேற்று பாலகிருஷ்ணன் சாரே காரில் வந்து, ஒரு பீஸில் குறை இருக்கிறது என்று புதியதை வைத்துவிட்டுப் போனாராம். பழையதைத் திருப்பிக் கேட்டாராம். இவர் கொடுக்கவில்லை.

"ஏங்க குடுக்கலை?"

"ஓரமெல்லாம் மரகதம் பதிச்ச கணக்கா அப்படி ஒரு பச்சம்மா. அதப் போயி குறைன்னாரு. கும்பத்து உச்சியில இருந்த கலசக் கம்பிய மட்டும் புடுங்கிப் புதுசுல சொருகிட்டாரு. நான் பழச வூட்டுக்குன்னு எடுத்து வச்சேன். அப்புறம் பாத்தா, கம்பி இருந்த ஓட்டை மூணும் பத்தி சொருவ அளவெடுத்தாப்புல இருந்துச்சு."

அவர் கை முருகன் படத்தைக் காட்டியது. வளர்மதி சாமந்திச் சரத்தை விலக்கினாள். மூன்று கும்பங்களிலும் ஆளுக்கொரு ஊதுபத்தியோடு, சாம்பல் படிந்து உட்கார்ந்திருந்தது ஜவாபு. அதன் மூன்று வாசல்களின் ஓரத்திலும் பச்சை வழிந்து உறைந்திருந்தது.

"அடப்பாவமே," என்றான் கொளஞ்சி, "இதும்மேலதான் நான் மூணு தும்மலு போட்டேன்."

டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தாள். மாடம் இல்லை. தரையில் ஒட்டிக்கொண்டு கறுப்பாக ஒரு கட்டி. தங்கம் கறுத்துவிட்டது என்று கொளஞ்சி முணுமுணுத்தான். வளர்மதி அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பானுமதிக்குப் போன் போட்டாள்.

"சங்கிலி கெடச்சிடுச்சுங்க. ஸ்டேஷனுக்கு வாங்க."

ஸ்டேஷனில் பூவாயி தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கக் கன்னம் இன்னும் தடித்திருந்தது. பாலகிருஷ்ணன் நாற்காலியில். பானுமதி உள்ளே வந்து உட்காராமல் நின்றாள். பழமலையும் சாட்சிக்கு வந்திருந்தார், கைக்குட்டையில் பிரியாணி மணக்க.

வளர்மதி ஜவாபை எஸ்.ஐ. மேஜையில் வைத்து, அது என்ன, எங்கே இருந்தது, யார் மாற்றினார் என்று ஒன்று விடாமல் சொன்னாள். உள்ளே உருகிக் கிடப்பது சங்கிலி என்றதும் பாலகிருஷ்ணன் முந்திக்கொண்டார்.

"நான்தான் சொன்னேனே சார். சூளை அடுக்குனது யாரு? இவதானே. ஒளிச்சு வச்சிருக்கா. பீஸு கெட்டுப்போச்சுன்னு நான் மாத்துனேன், அது என் தொழிலு."

எஸ்.ஐ. தலையாட்டினார். கொளஞ்சி மெல்ல வளர்மதியைப் பார்த்தான். கொண்டுவந்த சாட்சியே பூவாயியை உள்ளே தள்ளும் போலிருந்தது. பூவாயியும் அதைப் புரிந்துகொண்டாள். தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டாள்.

வளர்மதி மேஜையில் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து ஜவாபின் நடுக் கும்பத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். பீங்கான் தெறித்தது. எஸ்.ஐ. எழுந்தேவிட்டார். கறுப்புக் கட்டியை எடுத்து வண்டிச் சாவியால் அழுத்திச் சுரண்டி, பானுமதியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"என்ன நெறம் தெரியுது பாருங்க."

பானுமதி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "செவப்பா இருக்குது."

"தங்கம் சூளையில உருகும். ஆனா கறுக்காது, பச்சையும் கக்காது, மஞ்சளாவேதான் கெடக்கும். பச்சை கக்குறது செம்பு. இது கவரிங்குங்க. பீரோவுல நீங்க வச்சதே கவரிங்கு." வளர்மதி எஸ்.ஐ. பக்கம் திரும்பினாள். "சார், தங்கம்னு நெனச்சுத் திருடுனவங்க அத நெருப்புல போட மாட்டாங்க. கவரிங்குன்னு தெரிஞ்சவங்கதான் போடுவாங்க. பத்தரு உரசிப் பாக்கறதுக்குள்ள அது இல்லாமப் போவணும்னு நெனச்சவங்க."

பாலகிருஷ்ணன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார், முகம் துடைக்கவில்லை, மறுபடி உள்ளே வைத்தார்.

பானுமதி கத்தவில்லை. அந்தக் கட்டியைக் கையில் மூடிக்கொண்டு கேட்டாள். "எங்கம்மா போட்டுவிட்டத எப்ப வித்தீங்க?"

பாலகிருஷ்ணன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

எஸ்.ஐ. தொண்டையைச் செருமிக்கொண்டு பூவாயியை எழுந்திருக்கச் சொன்னார். அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். அடுக்கும்போதே உள்ளே ஏதோ கலகல என்றதாகவும், முதலாளியிடம் சொன்னதற்கு மண் கட்டியாக இருக்கும், அடுக்கு என்றதாகவும், அதைத்தான் காலையில் சொல்ல வந்ததாகவும் தரையைப் பார்த்தே சொன்னாள்.

"சரி சரி, நீ போலாம்மா. அதான் எல்லாம் தெளிவாயிடுச்சே."

பூவாயி போகவில்லை. மேஜை மேல் சிதறிக் கிடந்த துண்டுகளைப் பார்த்தாள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, பிறகு எஸ்.ஐ.யை நேராகப் பார்த்தாள்.

"இதுக்கு?" என்றாள். "இதுக்கு நீங்க சொல்லுங்க சார், ஜவாபு."